அம்மாவின் முழங்காலுக்கு அக்குபஞ்சர்: போகலாமா, வேண்டாமா?

மூன்றாம் மாடி | ஞாயிறு, மாலை 6.12

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். லிப்ட் இருக்கிறது, ஓடும் நாளைவிட ஓடாத நாளே அதிகம். அம்மாவுக்கு வயது 68. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, வலது மோசம். எக்ஸ்ரேயைப் பார்த்த என்பு வைத்தியர், தேய்மானம் நாலில் மூன்றாம் தரம் என்றார். சத்திரசிகிச்சைக்கு அவசரமில்லை, எடையைக் குறையுங்கள், பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பயிற்சித் தாள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் தொங்குகிறது. அங்கே தொங்குவதோடு சரி.

வெள்ளிக்கிழமை தவறாமல் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போய்வந்தவர் இப்போது மாதத்துக்கு ஒரு தடவைதான் போகிறார். கீழ் மாடி மாமி, அக்குபஞ்சர் செய்து தனக்கு முற்றாகச் சுகமாகிவிட்டது என்று சத்தியம் செய்கிறார். அதே மாமிதான் போன வருடம் ஏதோ ஒரு தைலத்துக்கும் இதே சத்தியத்தைச் செய்தார். ஒரு தடவைக்கு 4,000 ரூபாய் கேட்கிறார்கள். யாராவது செய்து பார்த்திருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர் | ஞாயிறு, மாலை 7.05

தங்கச்சி, தயங்காமல் கூட்டிக்கொண்டு போங்கள். எனக்கு 71 வயது. இடது முழங்கால். போன வருடம் பத்துத் தடவை செய்தேன்.

எப்படி இருக்கும் என்று அம்மா கேட்பார், அதனால் எழுதுகிறேன். மல்லாக்காகப் படுக்கவைத்து முழங்காலின் கீழ் ஒரு தலையணையைச் சுருட்டி வைப்பார்கள். முழங்காற் சில்லுக்குக் கீழே இரு பக்கமும் இரண்டு பள்ளம் இருக்கிறதல்லவா, காலை மடக்கினால் தெரியும். அதை முழங்காலின் கண் என்கிறார்கள். அங்கே ஆளுக்கொரு ஊசி. பிறகு அங்கிருந்து நாலு விரல் கீழே, முன்னெலும்புக்குச் சற்று வெளியே ஒன்று. உட்பக்கம் ஒன்று, தொடையில் ஒன்று. ஊசி என்றதும் இரத்தம் எடுக்கும் ஊசியை நினைக்க வேண்டாம். அது குழாய்; இது துளையில்லாத கம்பி, கால் மில்லிமீற்றர் தடிப்பு. உள்ளே போனது தெரியாது. பிறகு விரலால் மெல்லத் திருகுவார். அப்போது ஒரு கனத்த உளைச்சல் வந்து கணுக்கால்வரை இறங்கும். அது வந்தால்தான் ஊசி சரியான இடத்தில் நிற்கிறது என்பது அவர்கள் கணக்கு. ஊசிகளில் சின்னக் கிளிப் மாட்டி மின்சாரம் விட்டால் தசை டக் டக்கென்று துடிக்கும். இருபது நிமிடம். நான் ஒவ்வொரு தடவையும் குறட்டை விட்டேன்.

ஆறாவது தடவைக்குப் பிறகு வெள்ளவத்தைச் சந்தைக்கு நடந்தே போய் மீன் வாங்கி வந்தேன். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கடலோரப் பையன் | ஞாயிறு, இரவு 7.31

எல்லாம் மனப்பிரமை ஐயா. 4,000 ரூபாய்க்கு இருபது நிமிடம் படுத்து எழும்பினால் நானும் நன்றாக நடப்பேன்.

ஓய்வுபெற்ற கணக்கர் | ஞாயிறு, இரவு 7.40

தம்பி, பிரமைதான் மீன் பையைத் தூக்கி வந்தது என்றால் அந்தப் பிரமைக்கு 4,000 ரூபாய் மலிவு.

களுபோவில நினைவு | ஞாயிறு, இரவு 9.18

இந்தச் சண்டை கொழும்பில் இன்று தொடங்கியதல்ல. களுபோவில வைத்தியசாலையில் வாத நோய் நிபுணராக இருந்த அன்ரன் ஜயசூரிய சீனாவில் அக்குபஞ்சர் பழகி வந்து அங்கேயே அதைச் செய்தவர். வெளிநாட்டவர்கள் அவரிடம் பழக வந்தார்கள். என் அத்தையை நான் பஸ்ஸில் ஏற்றி அங்கே கூட்டிப்போயிருக்கிறேன். வரிசையாகக் கதிரைகள், கதிரைகளில் நம் ஊர் மனிதர்கள், காலிலும் காதிலும் ஊசிகள், சுற்றிலும் குறிப்பேட்டுடன் வெள்ளைக்காரர்கள். அத்தை வாழ்நாளில் அத்தனை பேர் தன் முழங்காலை அத்தனை அக்கறையாகப் பார்த்ததில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சுகமானதா என்று கேட்டால், "நல்லாகத்தான் பார்த்தார்கள்" என்பார்.

உலகமே அப்போது இதில் மயங்கிக் கிடந்தது. 1971இல் ஜேம்ஸ் ரெஸ்டன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் பீஜிங்கில் குடல்வால் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்; பிறகு வந்த வயிற்று உபாதைக்கு அங்கே ஊசி குத்தினார்கள். அவர் அதை நியூயோர்க் டைம்ஸில் எழுதினார். ஊசி மேற்கே கப்பலேறியதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்குண்டு.

வேரும் தழையும் | ஞாயிறு, இரவு 10.02

இது நம்முடைய வர்மம்தானே. இங்கிருந்து சீனாவுக்குப் போனதை இப்போது நாமே காசு கொடுத்துத் திருப்பி வாங்குகிறோம்.

இயன்மருத்துவர் | திங்கள், காலை 5.50

வர்மப் புள்ளிகளும் இவையும் வேறு வேறு கணக்குகள். எது எங்கிருந்து போனது என்ற வழக்கை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். நான் பதினாறு வருடமாக முழங்கால்களோடு வேலை செய்கிறேன். அக்குபஞ்சர் செய்பவன் அல்லன், அதற்கு எதிரியும் அல்லன். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

ஜெர்மனியில் செய்ததுதான் எனக்கு எப்போதும் நினைவில் நிற்பது. 2006இல் வெளிவந்தது. முழங்கால் தேய்மானமுள்ள 1,007 பேர். எல்லோருக்கும் தேவையானால் வலி மருந்தும் கொஞ்சம் உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. அதற்கு மேல் ஒரு பகுதியினருக்கு முறையான அக்குபஞ்சர் பத்துத் தடவை. இன்னொரு பகுதியினருக்குப் போலி: புள்ளியல்லாத இடங்களில், ஆழமில்லாமல், திருகாமல் ஊசி. மூன்றாம் பகுதியினர் வைத்தியரைப் பத்துத் தடவை பார்த்துப் பேசிவிட்டு வந்தார்கள். ஆறு மாதம் கழித்து எண்ணினார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் சுகம் கண்டவர்கள்: முறையான ஊசியில் 53 வீதம், போலியில் 51 வீதம், வைத்தியரைப் பார்த்தவர்களில் 29 வீதம்.

கணக்கர் ஐயாவும் பம்பலப்பிட்டியோ வெள்ளவத்தையோ அந்தக் கடலோரத் தம்பியும் இந்த மூன்று எண்களில் ஆளுக்கு இரண்டை எடுத்துக்கொண்டு ஆயுள் முழுக்கச் சண்டை பிடிக்கலாம். 53ஐயும் 29ஐயும் பார்த்தால் ஐயா வென்றார். 53ஐயும் 51ஐயும் பார்த்தால் தம்பி வென்றார்.

நாடுகளும் அப்படித்தான் பிரிந்தன. ஜெர்மனியில் 2007 முதல் பொது மருத்துவக் காப்புறுதி நாரி வலிக்கும் முழங்கால் தேய்மானத்துக்கும் அக்குபஞ்சர் செலவை ஏற்றது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகள் எழுதும் நைஸ் அமைப்பு 2014இல், தேய்மானத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியது. 2022இல் திருத்தி எழுதியபோதும் அதையே சொன்னது. அமெரிக்க வாத நோய் வைத்தியர் சங்கத்தின் 2019 வழிகாட்டி, நிபந்தனையோடு செய்து பார்க்கலாம் என்கிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோவு உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர் 4,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போகிறார். தேய்மான வலி அலைபோல் ஏறி இறங்குவது. உச்சத்தில் எதைச் செய்தாலும் அடுத்தது இறக்கம்தான். அந்த இறக்கத்துக்கும் பெயர் வாங்கிக்கொள்வது கடைசியாகச் செய்த வைத்தியம்.

கடலோரப் பையன் | திங்கள், காலை 8.15

நான் தெஹிவளை. ஆனால் வென்றதில் மகிழ்ச்சி. ஒரு சந்தேகம்: போலி ஊசி என்று நோயாளிக்குத் தெரியாதா?

இயன்மருத்துவர் | திங்கள், மதியம் 12.40

நான் சொன்ன ஜெர்மன் ஆய்வில் போலியும் உண்மையான ஊசிதான், மேலோட்டமாகக் குத்தியது. இன்னொரு வகைப் போலியும் உண்டு. நாட்டுக்கூத்தில் குத்துகிற கத்தி பிடிக்குள் மடங்குமே, அதே சூத்திரம். நுனி மொட்டையான ஊசி. தோலைத் தொட்டதும் தண்டு பிடிக்குள் வழுக்கிப் போகும். சுற்றி ஒரு சின்ன வளையம் ஒட்டியிருப்பதால் ஊசி நிற்பது போலவே தெரியும், சுருக்கென்றும் இருக்கும். 1998இல் ஜெர்மனியில் செய்தார்கள். 2007இல் இங்கிலாந்தில் 352 பேரைக் கொண்ட ஆய்வில் இதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, ஆலோசனையும் பயிற்சியும் ஒழுங்காகக் கிடைத்தவர்களுக்கு, அதற்கு மேல் அக்குபஞ்சர் சேர்த்ததால் ஆறு மாதத்தில் நோவு கூடுதலாகக் குறையவில்லை.

பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்களுக்கு என்பதைக் கவனியுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியவர்களுக்கு அல்ல.

மூன்றாம் மாடி | திங்கள், மதியம் 12.58

அடி விழுந்தது, வாங்கிக்கொண்டேன்.

ஓய்வுபெற்ற கணக்கர் | திங்கள், பிற்பகல் 3.20

ரொறன்ரோவில் இருக்கும் மகன் எனக்கு வேறொரு ஆய்வை அனுப்பியிருக்கிறார். பீஜிங், 2021, 480 பேர். எட்டு வாரம். மின்சாரம் சேர்த்த ஊசியில் 60 வீதத்தினருக்குப் பலன், கையால் திருகும் ஊசியில் 58 சொச்சம், போலியில் 47. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இயன்மருத்துவர் | திங்கள், மாலை 5.05

நல்ல ஆய்வு, நானும் வாசித்தேன். மின்சாரம் சேர்த்தது போலியை வென்றது. கையால் திருகியது வென்றதென்று உறுதியாகச் சொல்ல எண்கள் போதவில்லை. ஆனால் அங்கே வாரத்துக்கு மூன்று தடவை வீதம் எட்டு வாரம் செய்தார்கள். கணக்கர் நீங்கள்தான் பெருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற கணக்கர் | திங்கள், மாலை 5.11

இருபத்துநான்கு தடவை. 96,000 ரூபாய். ஆட்டோக் கூலி தனி.

சரி, நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை மருமகள் | திங்கள், இரவு 8.44

காசுப் பேச்சு வந்ததால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மாமியாரைக் கூட்டிப்போன முதல் நாளே இருபது தடவைக்கு முன்பணம் கட்டினால் கழிவு உண்டு என்றார்கள், கட்டினோம். நாலாவது தடவை மாமியாருக்குத் தலை சுற்றி வியர்த்துவிட்டது. அன்று ஏகாதசி, அவர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. பயந்துபோய் இனி வரமாட்டேன் என்றுவிட்டார். மீதிப் பதினாறு தடவைக் காசைக் கேட்டால், குடும்பத்தில் வேறு யாருக்காவது முழங்கால் நோ இருந்தால் கூட்டி வாருங்கள் என்றார்கள். என் கணவர் உதைபந்தாட்டம் ஆடுபவர், முழங்கால் நன்றாக இருக்கிறது. அதுவும் போகட்டும் என்று காத்திருக்கிறோம்.

ஒரு நல்லதும் சொல்ல வேண்டும். ஊசிப் பொதியை எங்கள் கண் முன்னால்தான் உடைத்தார்கள், முடிந்ததும் மஞ்சள் பெட்டிக்குள் போட்டார்கள். ஏற்கெனவே உடைத்து வைத்திருந்த பொதியில் இருந்து எடுத்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

மருந்தகத்துப் பிள்ளை | திங்கள், இரவு 9.30

மூன்றாம் மாடி அக்கா, உங்கள் முதற்பதிவில் ஒன்று இல்லை. அம்மா வேறு என்னென்ன மருந்து எடுக்கிறார்? நீரிழிவு உண்டா? இரத்தத்தை இளக்கும் குளிசை ஏதாவது?

மூன்றாம் மாடி | திங்கள், இரவு 9.52

நீரிழிவு உண்டு, குளிசையில் கட்டுக்குள் இருக்கிறது. பிரஷர் குளிசை. இதயத் துடிப்பு ஒழுங்கில்லை என்று இரண்டு வருடமாக வார்பரின். ஊசி குத்தினால் இரத்தம் நிற்காமல் போகுமோ?

மருந்தகத்துப் பிள்ளை | திங்கள், இரவு 10.03

ஊசியைப் பற்றி இயன்மருத்துவர் சொல்வார். நோவுக்கு அம்மா என்ன எடுக்கிறார்? அவர் சொல்வதை எழுத வேண்டாம். அவருடைய கைப்பையைத் திறந்து பாருங்கள்.

மூன்றாம் மாடி | திங்கள், இரவு 10.41

பார்த்தேன்.

பெரசிற்றமோல் மட்டும்தான் என்று என்னிடம் சொல்லிவந்தார். கைப்பையின் உள் அறையில், கோயில் விபூதிப் பொட்டலத்தோடு, டைக்ளோபெனக் 50 மில்லிகிராம் அட்டை ஒன்றரை. சந்திக் கடையில் வைத்தியர் துண்டு இல்லாமலே கொடுத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போகும் நாளில் ஒன்று, கலியாண வீடென்றால் இரண்டு, லிப்ட் ஓடாத நாளிலும் ஒன்று என்று அவருக்கே ஒரு கணக்கு. லிப்டைப் பற்றி நான் முதலிலேயே எழுதியிருக்கிறேன்.

மருந்தகத்துப் பிள்ளை | திங்கள், இரவு 10.49

இன்றிரவே நிறுத்துங்கள். வார்பரினை நிறுத்த வேண்டாம், டைக்ளோபெனக்கை மட்டும். அது இரைப்பையின் உட்தோலை அரிக்கும். வார்பரின் அந்தக் கசிவை உறைய விடாது. இரண்டும் சேர்வதுதான் ஆபத்து, ஊசி அல்ல. மலம் கறுத்துப் போகிறதா, தார்போல் ஒட்டுகிறதா என்று கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். ஆமென்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், வைத்தியசாலைக்குப் போங்கள். இல்லையென்றாலும் நாளைக் காலையில் கிளினிக்கில் ஐ.என்.ஆரோடு (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்ற அளவு) ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்லுங்கள்.

இயன்மருத்துவர் | செவ்வாய், காலை 5.35

பிள்ளை சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகமில்லை. முழங்கால் நோவுக்கு வருகிறவர்களிடம் நானும் கைப்பையைத் திறக்கச் சொல்வதில்லை, இனிச் சொல்வேன்.

வார்பரின் எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். எல்லைக்குள் இருந்தால் மெல்லிய ஊசியால் பெரும்பாலும் ஒரு கன்றலோடு போய்விடும். ஆனால் குத்துபவருக்கு முதலே தெரிய வேண்டும்; ஆழமாகக் குத்தித் திருகக் கூடாது, எடுத்ததும் பஞ்சால் அமர்த்திப் பிடிக்க வேண்டும். துடிப்புச் சீர்கருவி (பேஸ்மேக்கர்) பொருத்தியவர்களுக்கு மின்சாரம் சேர்க்கக் கூடாது, அம்மாவுக்கு அது இல்லையென்று நினைக்கிறேன். நீரிழிவால் கால் மரத்திருந்தால், மூலிகைத் திரி கொளுத்திச் சூடு காட்டும் முறையை வேண்டாம் என்று சொல்லுங்கள். சுட்டதே தெரியாமல் கொப்புளம் வந்துவிடும்.

என்னிடம் கேட்டால் இப்படித்தான் செய்வேன். முதலில் கிளினிக். பிறகு அம்மாவுக்கு விருப்பமென்றால், இதையெல்லாம் கேட்டு அறிந்து செய்யும் ஒருவரிடம் ஆறு தடவை, தடவைக்குத் தடவை காசு. ஊசி குருத்தெலும்பை வளர்க்காது. சில வாரம் நோவைத் தணித்தால் அதுவே போதும். அந்தச் சில வாரத்தில் தொடைத் தசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நோவுக்குப் பயந்து நடக்காமல் தொடை மெலிகிறது, தொடை மெலிந்ததால் முழங்கால் இன்னும் நோகிறது. அந்த வட்டத்தை எங்கேயாவது அறுக்க வேண்டும்.

பெட்டியில் ஒட்டிய தாளை விடுங்கள். இரண்டே இரண்டு. ஒன்று, கட்டிலில் காலை நீட்டி, முழங்காலின் கீழ் சுருட்டிய துவாயை வைத்து அதைக் கீழே அமர்த்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். பத்துத் தடவை. மற்றது, உயரமான கதிரையிலிருந்து கையை ஊன்றாமல் எழும்பி, மெதுவாகத் திரும்ப உட்கார வேண்டும். பொத்தென்று விழக் கூடாது. மெதுவாக உட்காருவதில்தான் வேலை இருக்கிறது. மறுநாள் காலையில் நோவு பழைய அளவுக்கு வந்துவிட்டால் செய்தது சரியான அளவு.

ஊன்றுதடி வலது காலுக்கென்றால் இடது கையில். முக்கால்வாசிப் பேர் நோகும் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு வருகிறார்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் எட்டிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். சோற்றுக் கோப்பையைப் பற்றி அம்மாவிடம் நான் பேச மாட்டேன், அது உங்கள் பாடு.

மூன்றாம் மாடி | செவ்வாய், பிற்பகல் 2.10

கிளினிக்கிலிருந்து எழுதுகிறேன். ஐ.என்.ஆர். 2.6, நன்றாகத்தான் இருக்கிறது. ஹீமோகுளோபின் 9.2, குறைவு. மலம் இரண்டு வாரமாகக் கறுத்துத்தான் போயிருக்கிறது. இரவு கேட்டபோது இல்லை என்றவர், வைத்தியர் கேட்டதும் ஆம் என்றார். பீட்ரூட் சாப்பிட்டதால் என்று நினைத்தாராம். வார்ட்டில் அனுமதித்து, வார்பரினையும் அவர்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாளை கமெரா விட்டுப் பார்ப்பார்களாம்.

மருந்தகத்துத் தம்பிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கடலோரப் பையன் | செவ்வாய், பிற்பகல் 2.26

அக்கா, இரத்தம் தேவைப்பட்டால் சொல்லுங்கள். ஓ பொசிற்றிவ். ஐந்து நிமிடத்தில் வருவேன்.

ஓய்வுபெற்ற கணக்கர் | செவ்வாய், பிற்பகல் 2.31

மருந்துப் பெட்டியைத் திறந்து என் குளிசைகளையும் மேசையில் பரப்பி வைத்திருக்கிறேன். பிள்ளை, நேரம் கிடைக்கும்போது பெயர்களை அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாடி | ஒன்பது வாரங்களுக்குப் பின், சனி, காலை 9.15

கேட்டு எழுதியவர்கள் எல்லோருக்கும் நன்றி. இரைப்பையில் புண் இருந்தது, ஆறிவிட்டது. ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டிவிட்டது. நோவுக்குப் பெரசிற்றமோல்தான், அதுவும் கணக்காக. எல்லாக் குளிசையும் இப்போது என் அலுமாரியில்.

அக்குபஞ்சருக்கும் போனோம். வைத்தியப் பதிவுள்ள ஒருவர், வார்பரின் கிளினிக் அட்டையை வாங்கிப் பார்த்த பிறகுதான் கட்டிலைக் காட்டினார். ஆறு தடவை. முதல் இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதற்குப் பிறகு இரவில் புரண்டு படுக்கும்போது முனகுவது நின்றது. ஐந்தாவதில் ஐம்பது சத நாணயமளவு ஒரு கன்றல். மழை நாளில் நோவு பழையபடிதான். ஊசியா, படுத்திருந்த இருபது நிமிடமா, அந்த வைத்தியர் அம்மாவின் ஊர்க் கதையைக் கேட்டுக்கொண்டிருந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் 53, 51 கதையைச் சொன்னேன். "அப்படியென்றால் பொய் ஊசிக்கு விலை குறைவா?" என்று கேட்டார்.

கதிரைப் பயிற்சி நாடகத்துக்கு இடையில் விளம்பரம் வரும்போது நடக்கிறது. விளம்பரம் நீண்டால் திட்டு எனக்கு. கீழ் மாடி மாமியும் இப்போது எங்கள் வீட்டில்தான் நாடகம் பார்க்கிறார், அவரும் எழும்பி எழும்பி இருக்கிறார். தனக்கு முற்றாகச் சுகமாகிவிட்டது என்ற பேச்சை நிறுத்திவிட்டார்.

லிப்ட் போன கிழமை திருத்தினார்கள். அம்மா கோயிலுக்குப் போகும்போது அதில் இறங்குகிறார். திரும்பி வந்து ஏறுவது படியில். ஏறுவது சமாளிக்கலாம், இறங்குவதுதான் கூசுகிறது என்கிறார். இது சரியா, இயன்மருத்துவர் ஐயா?

இயன்மருத்துவர் | சனி, மதியம் 1.20

மிகச் சரி. இறங்கும்போதுதான் சில்லுக்குப் பாரம் அதிகம். லிப்ட் ஓடாத நாளில் இறங்கினால் நோகும் காலை முதலில் வைக்கச் சொல்லுங்கள், கைபிடியை விடாமல்.